பாராசூட் இறங்கும் விமானநிலையத்துக்குத் தனியாகப் பறந்து போனபோது

அமெரிக்காவில் பிரைவேட் பைலட் உரிமத்துக்காகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், ஸ்கைடைவிங் நடக்கும் ஒரு சின்ன விமானநிலையத்தில் நான் பட்ட பாட்டை எழுதுகிறேன். யாரையும் குற்றம் சொல்ல எழுதவில்லை. முன்கூட்டியே ஒருவர் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் அன்றைய பயமும், அதற்குப் பிறகு போன பணமும் வாரங்களும் மிஞ்சியிருக்கும். அந்தப் பத்து நிமிடப் பேச்சு உங்களுக்காவது கிடைக்கட்டும் என்றுதான் இது. சிறிய விமானம் ஓட்டக் கற்றுக்கொள்பவர்களுக்கும், வாரக்கடைசியில் பாராசூட் கட்டிக்கொண்டு குதிக்கப் போகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

அந்த உரிமத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. தனியாகவே ஓட்டி, மொத்தம் 150 நாட்டிக்கல் மைலுக்குக் குறையாத ஒரு பயணம் போக வேண்டும். மூன்று இடங்களில் இறங்கி விமானத்தை முழுதாக நிறுத்த வேண்டும். என் பாதையில் இரண்டாவது நிறுத்தம் அந்த விமானநிலையம். ஒரே ஓடுபாதை, கட்டுப்பாட்டு டவர் கிடையாது. வரைபடத்தில் அதன் பெயருக்குப் பக்கத்திலேயே குட்டி பாராசூட் குறி இருந்தது, பார்த்தேன். நோட்டாமும் (விமானிகளுக்கான அறிவிப்பு) படித்தேன்: பாராசூட் குதிப்பு, 5 மைல் ஆரம், தரையிலிருந்து 14,000 அடி வரை, தினமும் சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரை. படித்து முடித்தபோது எனக்குக் கிடைத்த தகவல் ‘எப்போது வேண்டுமானாலும், எங்கே வேண்டுமானாலும்’ என்பது மட்டும்தான். பயிற்சியாளரிடம் கேட்டேன். “கவனமா பார்த்துக்கிட்டே போங்க, ரேடியோவைக் கேளுங்க” என்றார். எதைப் பார்ப்பது, எந்தத் திசையில் பார்ப்பது, ரேடியோவில் எந்த வார்த்தை வந்தால் என்ன செய்வது என்றெல்லாம் எங்கள் பாடத்தில் இல்லவே இல்லை.

டவர் இல்லாத இடத்தில் எல்லோரும் ஒரே அலைவரிசையில் தங்கள் இருப்பிடத்தைச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். அதற்காக ஒதுக்கிய அலைவரிசைகள் சிலவே. அதனால் 122.8 மெகாஹெர்ட்ஸ் போன்ற ஒன்றைப் பக்கத்துப் பக்கத்து விமானநிலையங்கள் பல பகிர்ந்துகொள்கின்றன. நல்ல வெயில் அடிக்கும் சனிக்கிழமையில் நாற்பது ஐம்பது மைல் தள்ளி இறங்குகிறவர் பேச்சும் உங்கள் காதில் விழும். நான் 10 மைலில் சொன்னேன், 5 மைலிலும் சொன்னேன். சுற்றுப்பாதை (இறங்குவதற்கு முன் விமானங்கள் ஓடுபாதையை ஒட்டிச் சுற்றிவரும் பாதை) ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் இருந்ததால், கற்றுக்கொடுத்தபடியே ஓடுபாதையின் நடுவுக்கு மேலே, சுற்றுப்பாதையை விட 500 அடி உயரத்தில் குறுக்காகக் கடந்து, அந்தப் பக்கம் போய் உயரத்தைக் குறைத்துச் சுற்றுப்பாதைக்குத் திரும்புவதுதான் திட்டம். பெரும்பாலான இடங்களில் இது நல்ல முறை. அதைச் செய்யக் கூடாத இடம் என்று ஒன்று இருக்கிறது என்பதை யாரும் சொல்லவில்லை.

ஓடுபாதைக்கு இரண்டு மைல் இருக்கும்போது ரேடியோவில் ஒரு கீச்சுச் சத்தம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் அப்படித்தான் வரும், இருவர் பேச்சும் போய்விடும். அந்தச் சத்தத்துக்குள் இருந்தது குதிப்பு விமானத்தின் அறிவிப்பு என்று பிறகுதான் தெரிந்தது. நான் நேராகப் போய்க்கொண்டிருந்தேன். இடது முன்பக்கத்தில், என்னைவிடக் கொஞ்சம் மேலே ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. பறவை என்று மனசு சொன்னது. அடுத்த நொடி அது விரிந்த பாராசூட், அதன் கீழே கால்கள் தொங்குகின்றன. அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்கும் மேலே மூன்றோ நான்கோ. வலதுபக்கம் வளைத்தேன். எவ்வளவு சாய்த்தேன் என்று நினைவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது, ரேடியோ பொத்தானை அழுத்தினேன், வார்த்தை வரவில்லை. முதல் பாராசூட்டில் இருந்தவர் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது தெரிந்தது. அவ்வளவு கிட்டத்தில். அவரும் தன்னால் முடிந்த அளவு எதிர்ப்பக்கம் திரும்பினார்.

ஐந்து மைல் தள்ளிப் போய் வட்டமடித்தேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. தனியாக இருக்கும்போது அழுவதற்குக்கூட நேரம் கிடையாது, உயரத்தைப் பார்க்க வேண்டும், எரிபொருளைப் பார்க்க வேண்டும். இதுபோல் ஆகிவிட்டால் அங்கேயே சுற்றிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாக வெளியேறி, உயரம் மாற்றாமல், தூரத்தில் நின்று மூச்சு விடுங்கள். ஏன் அந்தப் பக்கம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். நான் வட்டமடித்தபோதே குதிப்பு விமானம் மூக்கைத் தாழ்த்திச் சரசரவென்று இறங்கி, சுற்றுப்பாதையின் நீளப் பக்கத்துக்கே வராமல் நேராகக் கடைசித் திருப்பத்தில் நுழைந்து தரை தொட்டது. அதையும் நான் எதிர்பார்த்திருக்கவில்லை. நிமிடத்துக்குப் பல ஆயிரம் அடி வேகத்தில் இறங்குகிற விமானம் அது. பல நேரம் தான் இறக்கிவிட்ட ஆட்களுக்கு முன்னாலேயே தரைக்கு வந்துவிடும்.

“குதித்தவர்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்களா?” என்று ரேடியோவில் கேட்டேன். தரையிலிருந்து ஒருவர் பதில் சொன்னார், இறங்கிவிட்டார்கள் என்று. இறங்கினேன். டாக்சி பாதையில் மெதுவாக உருட்டிக்கொண்டு வரும்போது, ஓடுபாதைக்கும் டாக்சி பாதைக்கும் நடுவில் இருந்த புல்வெளியில் ஒரு மாணவக் குதிப்பாளர் வந்து விழுந்தார். உயரத்திலேயே பாராசூட்டைத் திறந்து, மற்றவர்கள் இறங்கிய பிறகும் மேலே மிதந்துகொண்டிருந்தவர், கணக்கில் விட்டுப்போய்விட்டார். பாராசூட் துணி காற்றில் உப்பி என் விமானத்தை நோக்கி இழுத்துக்கொண்டு வந்தது. எஞ்சினை அங்கேயே நிறுத்தினேன். இதை அழுத்திச் சொல்கிறேன்: சுழலும் புரொப்பெல்லர் துணியையும் கயிற்றையும் இழுத்துக்கொள்ளும், அந்தக் கயிற்றின் மறுமுனையில் மனிதர் இருக்கிறார். பக்கத்தில் பாராசூட் விழுந்தால் பிரேக் மட்டும் போதாது. எஞ்சினை அணையுங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்ய ஆகும் நேரம் ஒரு பொருட்டே இல்லை.

குதிப்பு மையத்தில் என்னைத் திட்டுவார்கள் என்று நினைத்துப் போனேன். யாரும் திட்டவில்லை. குதிப்பு விமானத்தை ஓட்டிய பைலட் அம்மா வந்து, என் கை நடுங்குவதைப் பார்த்துத் தண்ணீர் கொடுத்து, ஒரு காகிதத்தில் ஓடுபாதையை வரைந்தார். அடுத்த குழுவை ஏற்றுவதற்கு முன் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், என் பயிற்சியில் அதுவரை காதில் விழாத விஷயங்களைச் சொல்லித் தந்தார். அந்தக் காகிதத்தை வைத்துத்தான் கீழே எழுதுவது எல்லாம்.

முதலில் காற்று. குதிப்பவர்களை இறங்கும் இடத்துக்கு நேர் மேலே விடுவதில்லை. காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தில், தள்ளி விடுவார்கள். விழும்போதும் மிதக்கும்போதும் காற்று அவர்களை இறங்குமிடத்தை நோக்கித் தள்ளிக்கொண்டு வரும். ஆகவே பாராசூட்கள் திறக்கும் கூட்டம் பெரும்பாலும் காற்று வரும் பக்கத்தில்தான் இருக்கும். நீங்கள் விலகி நிற்க வேண்டியது எதிர்ப்பக்கம். தரைக் காற்று மட்டும் போதாது, மேலே 3,000, 6,000, 9,000 அடியில் எப்படி வீசுகிறது என்ற முன்னறிவிப்பையும் பார்க்க வேண்டும். மேல்காற்று பலமாக இருக்கும் நாளில் அவர்கள் இன்னும் தூரத்தில் விடுவார்கள்.

அடுத்தது நேரம். 13,000 அடி சுமாரில் குதிக்கிறவர் முதல் ஆயிரம் அடியைக் கடக்க ஏறக்குறைய 10 நொடி, அதன் பிறகு ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஐந்தரை நொடி. மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர் வேகம். மொத்தத்தில் ஒரு நிமிட வீழ்ச்சி. அந்த நிமிடத்தில் அவரை நீங்கள் பார்க்கவே முடியாது. இருப்பிடத்தை ரேடார்களுக்குத் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டரும் அவரிடம் இல்லை, உங்கள் டேப்லெட் திரையிலும் வர மாட்டார். டேண்டம் குதிப்பில் (பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிப்பது) 5,000 அடி அளவில் பாராசூட் திறப்பார்கள், அனுபவசாலிகள் அதைவிடக் கீழே. அதன் பிறகு தரைக்கு வர ஐந்து முதல் ஏழு நிமிடம். மிக உயரத்திலேயே திறந்துவிடுகிறவர்கள் கால்மணி நேரம்கூட மிதப்பார்கள். என்னிடம் ‘எல்லோரும் இறங்கிவிட்டார்கள்’ என்று சொன்னபோது மேலே இருந்தவர் அப்படிப்பட்டவர். ஆகவே பதில் வந்தாலும் சரி, “உயரத்தில் திறந்தவர் யாராவது மிச்சம் இருக்கிறார்களா” என்று இன்னொரு கேள்வி கேளுங்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இதுதான்: இறங்கும் இடத்தை நெருங்கும்போது பாராசூட்காரர்களும் நம்மைப் போலவே சுற்றுப்பாதை போடுகிறார்கள். சுமார் 1,000 அடியில் காற்றோடு போய், 600 அளவில் ஒரு திருப்பம், 300 அளவில் கடைசித் திருப்பம். சிறிய விமானங்களின் சுற்றுப்பாதை உயரமும் சாதாரணமாக அதே 1,000 அடிதான். இரண்டு கூட்டமும் ஒரே ஓடுபாதைக்குப் பக்கத்தில் ஒரே உயரத்தில் சுற்றுகின்றன. பாராசூட்டுக்கு எஞ்சின் இல்லை, மறுபடி மேலேறிச் சுற்ற முடியாது. விலக வேண்டியது நாம்தான். குதிப்பவர்களின் சுற்று ஓடுபாதையின் எந்தப் பக்கம் என்பது ஒவ்வொரு மையத்திலும் தீர்மானமான விஷயம். அதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வது? போன் செய்துதான். கிளம்பும் நாள் காலையில் குதிப்பு மையத்துக்கே நேரடியாகப் பேசுங்கள். இன்று குதிக்கிறீர்களா, எத்தனை விமானம், எந்தப் பக்கம் இறங்குகிறார்கள், வெளியூர் பைலட் எந்தத் திசையில் வந்தால் உங்களுக்கு வசதி, எந்த வேளையில் கூட்டம் குறைவு. நான் பிறகு பேசிய மையங்களில் ஒருவர்கூடச் சலித்துக்கொள்ளவில்லை, கேட்டதற்கு நன்றிதான் சொன்னார்கள். பெரும்பாலும் அதிகாலையும், எரிபொருள் நிரப்பும் இடைவேளையும் அமைதியாக இருக்கும் என்றும் சொன்னார்கள்.

இரண்டாவது வழி இன்னும் முக்கியம். அமெரிக்க விதிகளில் பாராசூட் குதிப்புக்கென்றே தனிப் பகுதி உண்டு, 105-ஆவது பகுதி. அதன்படி, குதிப்பு தொடங்குவதற்குக் குறைந்தது 5 நிமிடம் முன்பே குதிப்பு விமானம் அந்த வான்பகுதிக் கட்டுப்பாட்டு நிலையத்தோடு (விமானநிலையத்தில் டவர் இல்லாவிட்டாலும் அந்த வானத்துக்குப் பொறுப்பான நிலையம்) ரேடியோ தொடர்பில் இருக்க வேண்டும். அதாவது, நான் இருந்த அலைவரிசையில் அறிவிப்பு கீச்சுச் சத்தத்தில் தொலைந்துபோனாலும், கட்டுப்பாட்டாளருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். நாமும் அவரிடம் ஃப்ளைட் ஃபாலோயிங் (ரேடாரில் நம்மைக் கவனித்து, பக்கத்தில் வரும் விமானங்களைச் சொல்லும் உதவி) கேட்டு வாங்கிக்கொண்டு பறந்தால், வேலைப்பளு இல்லாத நேரத்தில் ‘இன்னும் இரண்டு நிமிடத்தில் குதிக்கிறார்கள்’ என்று அவரே சொல்லிவிடுவார். விமானநிலையம் கண்ணில் பட்டதுமே அவரிடம் விடைபெறும் பழக்கம்தான் நமக்குச் சொல்லித் தரப்படுகிறது. குதிப்பு நடக்கும் இடத்தில் மட்டும் முடிந்தவரை தாமதித்து விடைபெறுங்கள். விமானத்தில் இரண்டு ரேடியோ இருந்தால் இரண்டையும் கேளுங்கள்.

டேப்லெட்டில் மற்ற விமானங்கள் தெரிகிற வசதி இருந்தால் குதிப்பு விமானத்தைக் கண்டுபிடிப்பது எளிது. விமானநிலையத்தைச் சுற்றியே ஏறிக்கொண்டிருக்கும், உயரத்தில் சிறிது நேரம் சமமாகப் பறக்கும், பிறகு திடீரென்று உயரம் குறைய ஆரம்பிக்கும். குறைய ஆரம்பித்தால் ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு, 10 நிமிடமாவது தள்ளியே நிற்கிறேன். ஆனால் இதை மட்டுமே நம்பக் கூடாது. 4,000, 5,000 அடியில் சிலரை இறக்கிவிட்டு மறுபடி ஏறும் பழக்கமும் உண்டு. எப்படியிருந்தாலும், அப்படிப்பட்ட இடத்தில் நான் இப்போது ஓடுபாதைக்கு மேலே கடப்பதே இல்லை. சுற்றி வளைத்து, தூரத்திலிருந்தே 45 பாகையில் சுற்றுப்பாதையில் சேர்கிறேன். பெட்ரோல் கொஞ்சம் கூட ஆகும், ஆகட்டும்.

இது கைப்பழக்கம் இல்லாத மாணவரின் பயம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 1993 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலம் நார்தாம்ப்டனில், வீழ்ச்சியில் இருந்த ஒரு ஸ்கைடைவர் கடந்துபோன பைப்பர் செரோக்கி விமானத்தின் வாலில் மோதினார். விமானத்தில் இருந்த நான்கு பேரும் இறந்துபோனார்கள். மோதியவர் உயிர் பிழைத்தார். 2014 மார்ச்சில் ஃபுளோரிடாவில் மல்பெரி அருகே, இறங்கி உடனே ஏறும் பயிற்சி செய்துகொண்டிருந்த ஒரு செஸ்னா 170, இறங்கிக்கொண்டிருந்த பாராசூட்டின் கயிறுகளில் சிக்கியது. அதைத் தற்செயலாக ஒருவர் படமெடுத்திருந்தார். இரண்டு பேரும் பிழைத்தார்கள். அந்தப் படங்களை நான் ஒருமுறைதான் பார்த்தேன், அதற்கு மேல் முடியவில்லை. முதலாவது நடந்தது நடுவானில், இரண்டாவது தரைக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு இடத்திலும் நாம் கண்ணை எங்கே வைத்திருக்கிறோம் என்பது வேறு வேறு. சுற்றுப்பாதையில் இருக்கும்போது மேலே பார்க்க மறக்கிறோம். மேல் இறக்கை கொண்ட விமானத்தில் இறக்கையே மறைத்துவிடும். திரும்புவதற்கு முன் அந்தப் பக்க இறக்கையைச் சற்றுத் தூக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

இனி நான் இழந்தது. அன்று பயிற்சியாளருக்குப் போன் செய்தேன், அந்த மனநிலையில் கிளம்ப வேண்டாம் என்றார், சரியான முடிவு. ஆனால் மதியம் பக்கக்காற்று (ஓடுபாதைக்குக் குறுக்காக வீசும் காற்று) எனக்கு அனுமதித்த அளவைத் தாண்டிவிட்டது. ராத்திரி அங்கேயே தங்கினேன். அடுத்த நாள் என்னை அழைத்துப்போக இன்னொரு விமானத்தில் இரண்டு பயிற்சியாளர்கள் வந்தார்கள். இரண்டு விமானத்துக்கும் வாடகை, இரண்டு பேருக்கும் சம்பளம், என் கணக்கில். திரும்பும்போது பக்கத்தில் பயிற்சியாளர் இருந்ததால் அந்தத் தனிப்பயணம் நிபந்தனைக்குச் செல்லாது என்று ஆகிவிட்டது, முதலிலிருந்து மறுபடி. பள்ளி தன் பாதுகாப்பு விசாரணையை முடிக்கும் வரை தனியாகப் பறக்கத் தடை. அதற்குள் தேர்வாளர் கொடுத்திருந்த தேதி போனது. அடுத்த தேதிக்கு வாரக்கணக்கில் காத்திருப்பு, கை மறக்காமல் இருக்க இடையில் பணம் கட்டிப் பறக்க வேண்டியிருந்தது. இந்தச் செலவெல்லாம் எங்கும் எழுதி வைக்கப்படாத செலவு. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே, வெளியூரில் விமானம் நின்றுவிட்டால் கொண்டுவரும் செலவு யாருடையது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஒரு காரியம் மட்டும் அந்த வாரமே செய்தேன், செய்தது நல்லதாகப் போயிற்று. நாசா நடத்தும் ரகசியப் பாதுகாப்பு அறிக்கை முறை ஒன்று இருக்கிறது. காசு கிடையாது, பெயரை நீக்கிவிட்டுத்தான் பயன்படுத்துவார்கள். விபத்தோ குற்றமோ வேண்டுமென்றே செய்ததோ இல்லாத சம்பவத்தை 10 நாளுக்குள் அனுப்பினால், விதிமீறல் என்று பேச்சு வந்தாலும் பெரும்பாலும் தண்டனையிலிருந்து பாதுகாப்பு உண்டு. மனசு பதறும்போதே எழுதிவிடுங்கள், ஒரு வாரம் போனால் விவரம் மறந்துவிடும்.

பிறகு அந்த விமானநிலைய மேலாளருக்கும் எழுதினேன். ஸ்கைடைவிங்கை நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. மத்திய அரசின் நிதி வாங்கும் விமானநிலையங்களில் அதுவும் அங்கீகாரம் பெற்ற வான்பணிதான், அவர்களுக்கும் நமக்கும் அதே ஓடுபாதை மீது உரிமை இருக்கிறது. நான் கேட்டது இரண்டே விஷயம்: விமானநிலையத் தகவல் ஏட்டில் ‘குதிப்பு நேரத்தில் ஓடுபாதைக்கு மேலே குறுக்கே கடக்க வேண்டாம்’ என்று ஒரு வரி, பாராசூட்கள் எந்தப் பக்கம் இறங்கும் என்று இன்னொரு வரி. குதிப்பு மையத்துக்காரர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் பங்குக்கு, ஆட்கள் வெளியேறுவதற்கு முன்னும் வெளியேறும்போதும் என்று அறிவிப்பை இரண்டு முறை சொல்கிறார்கள், தரையில் எண்ணுகிறவர் கடைசிப் பாராசூட்டைக் கண்ணால் பார்க்கும் வரை ‘இறங்கிவிட்டார்கள்’ என்று சொல்வதில்லை. நீங்கள் குதிக்கிறவராக இருந்தால், உங்கள் மையத்தில் இந்த இரண்டும் நடக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். முதல் வரி ஏட்டில் ஏறிவிட்டது. இரண்டாவது வரி இன்னும் ஏறவில்லை, மேலாளருக்கு மறுபடி எழுதியிருக்கிறேன்.